கடைமடைத் தண்ணீர் பொது, சீர்க்குடம் உங்களுடையது

தம்பிக்கு வணக்கம்.

படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உங்கள் ஊர். 2017 இல் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்காக ஒரு நாடகம் எழுதினீர்கள். மறு வருடம் மன்னார்குடியில் ஒரு போட்டியிலும் அது மேடையேறியது. ஆற்றுத் தண்ணீர் முதலில் பாயும் தலைமடை ஊரில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர் ஒருவர். அவர் மகளை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர்ப் பையனுக்குப் பெண் கேட்டு வருகிறார்கள். பையனின் பாட்டி நகை கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. சீராக ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர் கேட்கிறாள். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி லஸ்கர் முறையை மீறி மதகைத் திறந்துவிடுகிறார். விடிந்ததும் ஷட்டர் கைப்பிடியைத் தோளில் சாத்திக்கொண்டு தானே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடக்கிறார். 2019 இல் சென்னையிலிருந்து ஓர் உதவி இயக்குநர் கேட்டார் என்று முழுப் பிரதியையும் மின்னஞ்சலில் அனுப்பினீர்கள். பதில் இல்லை. சென்ற வருடம் வந்த ஒரு படத்தில் லஸ்கர் இருக்கிறார், பாட்டி இருக்கிறாள், குடம் இருக்கிறது, கைப்பிடியும் இருக்கிறது. உங்கள் பெயர் மட்டும் இல்லை. இது திருட்டா, கேஸ் போடலாமா, போட்டால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

படத்தின் பெயரையும் உதவி இயக்குநரின் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. நீங்களும் கொஞ்ச நாள் வெளியில் சொல்ல வேண்டாம். நோட்டீஸ் போவதற்கு முன்னால் பெயரை இழுத்துவிட்டால், நீங்கள் வாதியாக நிற்பதற்கு முன்பே அவதூறு வழக்கில் பிரதிவாதி ஆகிவிடுவீர்கள்.

கும்பகோணத்தில் முப்பது வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். பாதி நாள் பாகப்பிரிவினையும் வாய்க்கால் வரப்புத் தகராறும்தான். ஆனாலும் நாடகக்காரர்களும் பாட்டுக்காரர்களும் இந்த மாதிரிக் குறையோடு என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் முதலில் சொல்வதை உங்களிடமும் சொல்கிறேன். மனம் நோக வேண்டாம். கடைமடைக்குத் தண்ணீர் வராத கதை உங்களுடையது இல்லை. மேட்டூர் ஜூன் 12 இல் திறந்தாலும் கோட்டூருக்கும் முத்துப்பேட்டைக்கும் தலைஞாயிறுக்கும் எப்போது வந்து சேரும் என்று காத்துக் கிடக்கிற கதை ஆயிரம் வீட்டில் இருக்கிறது. தலைமடைப் பெண்ணும் கடைமடைப் பையனும் விரும்புவதும் அப்படித்தான். ராத்திரியில் மதகு திறந்த கதையை என் தாத்தாவே சொல்லியிருக்கிறார். இவற்றை யாரும் எடுத்து எழுதலாம், படமாக்கலாம். சட்டம் இதைக் கரு என்கிறது. கருவுக்குப் பட்டா கிடையாது. அந்தக் கருவை நீங்கள் எப்படிச் சொன்னீர்கள் என்பதற்குத்தான் பதிப்புரிமை.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நம் பக்கத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. திருநாளைப்போவார் என்கிற நந்தன் கதையைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் 37 பாட்டில் முடித்துவிடுகிறார். அதில் நந்தனுக்கு எசமானர் என்று ஒரு வேதியரே கிடையாது. சிதம்பரம் போக அனுமதி மறுப்பதும், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்பதும், ஒரே இரவில் அது முடிந்து கிடப்பதும் சேக்கிழார் எழுதியவை அல்ல. நாகப்பட்டினத்துப் பக்கம் நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் தம் கீர்த்தனையில் உண்டாக்கியவை அவை. பாரதியார் உண்டாக்கிய வேதியர் ஊர்ஊராகக் கதாகாலட்சேபத்தில் வந்து வந்து, பெரியபுராணத்திலேயே இருக்கிறார் என்று நம்புகிறவர்கள்தான் இன்று அதிகம். இப்போது யோசியுங்கள். ஒருவர் நந்தன் கதையை நாடகமாக எழுதினால் அது யாருக்கும் பொதுவான கதை. வேதியரையும் நாற்பது வேலியையும் சேர்த்து எழுதினால், அவர் சேக்கிழாரிடமிருந்து எடுக்கவில்லை, பாரதியாரிடமிருந்து எடுத்தார் என்று சந்தேகமில்லாமல் சொல்லிவிடலாம். பாரதியார் காலமாகி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் இன்று அதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் முறை இதுதான்.

உங்கள் நாடகத்தின் வேதியர் யார், நாற்பது வேலி எது என்று தேடினேன். லஸ்கரை அப்பாவாக வைத்தது கொஞ்சம் உங்களுடையது. ஆனால் தண்ணீர்க் கதை எழுதுகிற எவருக்கும் லஸ்கர் நினைவுக்கு வருவார். சீர்க்குடம் முழுக்க உங்களுடையது. சீராகத் தண்ணீர் கேட்கிற வழக்கம் நம் பக்கத்தில் எந்தச் சாதியிலும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் கற்பனை செய்தது அது. கைப்பிடியைத் தோளில் சாத்திக்கொண்டு நடப்பதும் உங்களுடையது. இந்த இரண்டும் தனித்தனியாக வந்திருந்தால்கூடத் தற்செயல் எனலாம். கடிதத்தில் நீங்கள் சொன்னபடி, பாட்டி குடம் கேட்பது, பெண்ணின் அம்மா சிரிப்பது, லஸ்கர் சிரிக்காமல் எழுந்து வெளியே போவது, பிறகு மதகு, பிறகு கைப்பிடி என்று வரிசை மாறாமல் வந்திருக்கிறது என்றால், அந்த வரிசைதான் உங்கள் பலம்.

இன்னொன்றை நீங்கள் வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். குறுவை அறுவடைக் காட்சியில் தவறுதலாக நடவுப் பாட்டைப் பாடவிட்டீர்கள், திருவிழாவில் பெரியவர்கள் கேலி செய்தார்கள் என்று. படத்திலும் அறுவடையில் அதே நடவுப் பாட்டு வருகிறதாம். தம்பி, வெட்கப்பட வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஆக வலுவான சாட்சி அதுதான். சரியாக எழுதிய இடம் இரண்டு பேருக்கு ஒத்துப்போகலாம், ஏனென்றால் உண்மை ஒன்று. ஒரே இடத்தில் ஒரே பிழை விழுந்தால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினார் என்றுதான் பொருள். பள்ளிக்கூட வாத்தியார் காப்பி அடித்த பையனைப் பிடிப்பதும் இப்படித்தான். எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொல்வார் என்பதையும் இப்போதே சொல்கிறேன்: நகரத்தில் எழுதியவருக்கு நடவும் தெரியாது, அறுப்பும் தெரியாது, அதனால் விழுந்த பிழை என்பார். அதற்கு உங்கள் பதில், ஆயிரம் நடவுப் பாட்டு இருக்க அதே பாட்டு, அதே அடிகள் ஏன் என்பதாக இருக்க வேண்டும். நீங்கள் நாடகத்துக்காக அதில் இரண்டடி மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டடி படத்தில் இருக்கிறதா? திரும்பப் போட்டுக் கேளுங்கள். இருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள்.

சட்டத்தின் நிலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எல்லா நீதிமன்றங்களும் எடுத்துப் பார்ப்பது 1978 இல் உச்ச நீதிமன்றம் தந்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்குத் தீர்ப்பு. அதுவும் உங்களைப் போல ஒரு நாடகக்காரரின் வழக்குதான். பஞ்சாபிக் குடும்பத்துக்கும் மதராஸிக் குடும்பத்துக்கும் நடுவே வரும் காதலை வைத்து அவர் எழுதிய 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை, 1956 இல் வந்த 'நியூ டெல்லி' படத்தில் எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர் குறை. நாடகத்தைப் படத்தின் இயக்குநருக்கு அவரே படித்துக் காட்டியிருந்தார். அப்படியும் மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார், 22 வருடம் கழித்து உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். கரு ஒன்றாக இருந்தாலும் சொன்ன விதம் வேறு, படத்தில் வரதட்சணை போன்ற வேறு சங்கதிகள் சேர்ந்திருக்கின்றன என்றார்கள். இரண்டையும் பார்த்த ஒரு சாதாரண மனிதனுக்கு, இது அதன் நகல்தான் என்று ஐயமில்லாமல் தோன்ற வேண்டும் என்பது அங்கே வைக்கப்பட்ட அளவுகோல். ஆகவே, நாடகத்தை அனுப்பினேன், படித்தார்கள் என்று நிரூபிப்பது பாதி வேலைதான். ஊரில் நாடகம் பார்த்தவர்கள் தியேட்டரில் உட்கார்ந்ததும் "இது நம்ம நாடகமில்லையா" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் சொன்னவர் உங்கள் சித்தப்பாவாக இல்லாமல் இருந்தால் நல்லது.

பெரிய இடத்து வழக்குகளிலும் இதே இழுபறிதான். சோழர் கதையான 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தில் வரும் 'வீரா ராஜ வீரா' பாட்டு, இந்துஸ்தானிப் பாடகர்களான இளைய டாகர் சகோதரர்கள் அமைத்த சிவ ஸ்துதியிலிருந்து எடுத்தது என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஏப்ரலில் தனி நீதிபதி அவர்கள் பெயரைப் போடவும் 2 கோடி ரூபாய் கட்டி வைக்கவும் இடைக்கால உத்தரவிட்டார். அதே வருடம் செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. ஒருவர் ஓர் உருப்படியைப் பாடினார் என்பதாலேயே அதை அமைத்தவரும் அவர்தான் என்று வைத்துக்கொள்ள முடியாது என்பது அமர்வின் கருத்து. அந்தப் பாட்டு அமைந்த அடாணா ராகம் யாருக்கும் சொந்தமில்லை. அந்த ராகத்தில் ஒருவர் கட்டிய உருப்படி அவருக்குச் சொந்தம். ராகம் எங்கே முடிகிறது, உருப்படி எங்கே தொடங்குகிறது என்று சொல்வது பாட்டுக் கற்றவர்களுக்கே கடினம். கதையிலும் அதே கடினம்தான்.

இனி என் மனதில் பல காலமாக இருப்பதைச் சொல்கிறேன். நம் ஆற்றுப்பக்கத்தில் கலை எல்லாமே ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி வளர்ந்தது. அதில் குற்றமே இல்லை. தேரழுந்தூர்க் கம்பர் பாயிரத்திலேயே சொல்லிவிடுகிறார்: வடமொழியில் இந்தக் கதையைச் செய்தவர்கள் மூவர், அவர்களில் முதல்வர் சொன்னபடி நான் தமிழில் சொல்கிறேன் என்று. அத்தனை பெரிய கவிக்கு அதைச் சொல்வதில் ஒரு குறையும் தோன்றவில்லை. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜவாழ்த்தின் மெட்டு. அந்த உருப்படிகளுக்கு, ஆங்கில 'நோட்' என்ற சொல்லைச் சேர்த்து நோட்டுஸ்வரம் என்றே பெயர். பெயரைக் கேட்டதும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். பாட்டுக்குள்ளேயே முத்திரை வைத்ததும் நம்மவர்கள்தான். குருகுக என்று வந்தால் தீட்சிதர், சியாமகிருஷ்ண என்று வந்தால் சியாமா சாஸ்திரி. காகிதமும் பதிவு அலுவலகமும் இல்லாத காலத்தில், பாடுகிறவர் வாயே ஆக்கியவர் பெயரைச் சொல்லும்படி செய்துவைத்தார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்கார் ரெய்னால்ட்ஸின் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதினார். தழுவல் என்பது நம்மிடம் கௌரவமான சொல்தான். யாரைத் தழுவினோம் என்பதை மறைக்கும்போதுதான் அது களவாகிறது. எழுதியவர் பெயர் போவதை நான் பணம் போவதைவிடப் பெரிய இழப்பாக நினைக்கிறேன்.

சட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது. 1957 ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57வது பிரிவு, உரிமையை விற்றுவிட்டாலும் நான்தான் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவரிடமே இருக்கும் என்கிறது. மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கியின் எழுத்துகள் 1999 இல் நாட்டுடைமை ஆயின. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதற்காக அட்டையில் வேறு பெயரைப் போட்டுக்கொள்ள முடியுமா?

நான் தோற்ற ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். பாபநாசம் பக்கத்திலிருந்து நடவு ஆள் ஒரு அம்மா வந்தார். வயலில் அவர் பாடியதை யாரோ டேப்பில் பிடித்துப் போனார்கள். சில வருடம் கழித்து அந்தப் பாட்டு ஒரு படத்தில் வந்தது. "எம் பாட்டு அய்யா" என்று அழுதார். நான் பாட்டுக்கு உரிமை கேட்டு வழக்கு நடத்தினேன். நாட்டுப்பாட்டு, ஆக்கியவர் யாரென்று கிடையாது, வழிவழியாக வருவது என்று தள்ளிவிட்டார்கள். சட்டப்படி அது சரி. தவறு என்னுடையது. பாட்டு அவருடையது இல்லாவிட்டாலும் குரல் அவருடையது. நிகழ்த்துகிறவரின் அனுமதி இல்லாமல் குரலைப் பதிவு செய்து விற்கக் கூடாது என்று 38வது பிரிவு இருக்கிறது. அந்த உரிமை 50 வருடம் நிற்கும். டேப்பில் இருந்தது அவர் குரல்தானா, படத்தில் அதையே பயன்படுத்தினார்களா என்று நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அந்த அம்மா இப்போது இல்லை. உங்களிடம் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்பதற்கு அவர்தான் காரணம்.

சரி, வேலைக்கு வருவோம். நாடகம் பதிவு செய்யப்படவில்லையே என்று கவலைப்படுகிறீர்கள். எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. பதிந்திருந்தால் அது முதல்நிலைச் சாட்சியாகும், அவ்வளவுதான். கட்டணம் 500 ரூபாய். இனி எழுதுவதையாவது பதிந்து வையுங்கள். எழுதியதை ரிஜிஸ்டர் தபாலில் தனக்கே அனுப்பிப் பிரிக்காமல் வைப்பார்கள் சிலர். அது ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை, பதிவுக்கு ஈடாகாது. 2019 மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். அது திறக்கிற போனையும் கணினியையும் விற்காதீர்கள். மின்னணுச் சாட்சிக்கு பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63வது பிரிவுப்படி சான்றிதழ் வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நீட்டினால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். திருவிழா நோட்டீசில் நாடகத்தின் பெயரும் உங்கள் பெயரும் இருக்குமே, அதைக் கோயில் கணக்கரிடம் கேட்டு வாங்குங்கள். மன்னார்குடிப் போட்டிச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள்.

வழக்குக்குச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 62வது பிரிவு, எழுதியவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போட வழி செய்கிறது. 'கத்தி' படம் வந்தபோது, நம் தஞ்சை மாவட்டத்துக் குறும்பட இயக்குநர் ஒருவர் தம் கதை என்று சொல்லித் தஞ்சை நீதிமன்றத்துக்குத்தான் போனார். காலக்கெடு மூன்று வருடம். படம் வந்து ஒரு வருடம் போய்விட்டது. அவசர இடைக்காலத் தடை கேட்காத வழக்கென்றால் வணிக வழக்குச் சட்டப்படி முதலில் சமரச மையத்துக்குப் போக வேண்டியிருக்கும். அதைத் தடையாக நினைக்காதீர்கள். உங்கள் வழக்குக்கு அதுவே நல்ல இடமாகலாம்.

ஏன் என்றால், இரண்டு வழிகள் எங்கே கொண்டு விட்டன என்று பாருங்கள். ஆரூர் தமிழ்நாடன் 1996 இல் 'இனிய உதயம்' இதழில் 'ஜூகிபா' என்ற கதையை எழுதினார். 2010 இல் வந்த 'எந்திரன்' தன் கதை என்று நீதிமன்றம் போனார். சிவில் வழக்கு 2023 இல் தள்ளுபடி ஆனது. கிரிமினல் புகார் தனி வழியில் போனது. அதை வைத்து 2025 பிப்ரவரியில் அமலாக்கத் துறை, அந்தப் பட இயக்குநரின் 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சொத்துகளை முடக்கியது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஒரே கதை, ஒரே படம். ஆளுக்கொரு முடிவு, பதினைந்து வருடம். 'சர்கார்' விஷயத்தில் வேறு மாதிரி நடந்தது. வருண் ராஜேந்திரன் 2007 இல் எழுத்தாளர் சங்கத்தில் 'செங்கோல்' என்ற கதையைப் பதிந்து வைத்திருந்தார். சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ் இரண்டையும் படித்துவிட்டு ஒற்றுமை இருக்கிறது என்றார். 2018 தீபாவளிக்குப் படம் வருவதற்குச் சில நாள் முன்பு சமரசம் ஆகி, படத்தில் அவர் பெயர் வந்தது.

உங்கள் படம் வெளியாகிவிட்டது. தியேட்டர் வாசலில் நிற்கிற பலம் உங்களுக்கு இல்லை. ஆனால் படம் ஓடிடியில் இருக்கிறது என்று சொன்னீர்கள். அங்கே பெயர் சேர்ப்பது ஒரு நாள் வேலை. நோட்டீசில் முதல் கோரிக்கையாக அதை வையுங்கள், நஷ்டஈட்டை இரண்டாவதாக. பதிப்புரிமைச் சட்டத்தின் 63வது பிரிவில் கிரிமினல் புகார் கொடுக்கச் சொல்லி உங்கள் மாமா நிற்கிறாராம். ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, உண்மைதான். உரிமையாகப் பிணை கேட்க முடியாத குற்றம் என்று 2022 இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதை மிரட்டலாகப் பயன்படுத்த வேண்டாம். சமரச மேசையில் உட்கார்ந்து பேசக்கூடியவர்களையும் அது எழுந்து போகச் செய்துவிடும். வேறு வழியே இல்லாதபோது பார்க்கலாம்.

பிரதியையும் படத்தையும் காட்சிக்குக் காட்சி பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு நோட்டுப் போடுங்கள். ஒத்துப்போகாததையும் மறைக்காமல் எழுதுங்கள். அதை நானே முதலில் பார்க்க வேண்டும், எதிர்த்தரப்பு அல்ல. அதற்கு ஒரு வாரம் ஆகும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. லஸ்கராக நடித்த பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது, உடம்பு சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கைப்பிடியைத் தோளில் சாத்துவது ஒத்திகையில் அவரிடம் நீங்கள் சொல்லிக் கொடுத்தது என்றால், அதை அவர் வாயால் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக் காலையில் முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள்.